கேட், கம்பி, குழாய், தோசைக்கல்: எந்த இரும்பு எப்படித் துருப்பிடிக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்ப்பிரும்பு, எம்.எஸ்., ஜி.ஐ., எவர்சில்வர் எல்லாமே இரும்புதானே? ஒன்று மட்டும் ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கிறது?

எல்லாவற்றிலும் அடிப்படை இரும்புதான். ஈரமும் காற்றும் சேர்ந்தால் எல்லா இரும்பும் ஆக்சைடாக மாறப் பார்க்கும். மாறிய பிறகு மேலே உருவாகும் படலம் எப்படிப்பட்டது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. சாதாரண எஃகின் (எம்.எஸ்., அதாவது மைல்டு ஸ்டீல்) துரு பஞ்சு மாதிரி. நீரையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிறகு உதிரும், உள்ளே புது இரும்பைக் காட்டும். எவர்சில்வரின் மேல் இருக்கும் குரோமியம் ஆக்சைடு சில நானோமீட்டர் தடிமன்தான், ஆனால் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கும், கீறினாலும் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்பு, அதில் இரும்புக்கு முன்னால் துத்தநாகம் கரைகிறது. எனவே கடையில் “இது துருப்பிடிக்குமா?” என்று கேட்பதைவிட, “இதன் மேல்தோல் என்னது, நம் ஊர்க் காற்றில் அது நிற்குமா?” என்று கேளுங்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன.

கடலோரத்தில் துரு எவ்வளவு வேகமாகப் போகும்? எண்ணிக்கையில் சொல்ல முடியுமா?

முடியும். ஐ.எஸ்.ஓ. 9223 என்ற தரநிலை, மேற்பூச்சில்லாத சாதாரண எஃகு முதல் ஓராண்டில் எவ்வளவு தேய்கிறது என்பதை வைத்து ஊர்களின் காற்றை வகைப்படுத்துகிறது. ஓராண்டில் 25 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை தேய்ந்தால் சி2, 25 முதல் 50 வரை சி3, 50 முதல் 80 வரை சி4, 80 முதல் 200 வரை சி5. அதற்கும் மேலே போனால் சி.எக்ஸ். உப்பில்லாத உள்நாட்டுக் கிராமப்புறம் பெரும்பாலும் சி2 அல்லது சி3-இல் அடங்கும். அலைத்தூறல் படும் கரை சி5-ஐத் தொடும், சில இடங்களில் தாண்டும்.

உப்பு இரண்டு வழியில் கெடுதல் செய்கிறது. ஒன்று, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை எந்நேரமும் நனைவாகவே வைக்கிறது. உப்பில்லாத இடத்தில் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் துரு ஏறக்குறைய நின்றுவிடும். உப்புப் படிந்த இரும்பில் அந்த ஓய்வு கிடைப்பதில்லை. இரண்டு, உப்பிலுள்ள குளோரைடு அயனி பாதுகாப்புப் படலத்தைக் குத்தித் துளைக்கிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் கடல் அரிப்பைச் சோதிக்கத் தனி நிலையத்தை மண்டபத்தில் வைத்திருப்பது இதனால்தான்.

வார்ப்பிரும்பு துருப்பிடிக்காது என்கிறார்களே, சரியா?

சரியில்லை. துருப்பிடிக்கும். ஆனால் மூன்று காரணங்களால் தாங்குவதுபோல் தெரியும். வார்க்கும்போது மணலோடு ஒட்டி உருவாகும் கடினமான மேல்தோல் ஒரு காரணம். பொருள் எப்போதும் கனமாக இருப்பது இன்னொன்று: 10 மில்லிமீட்டர் சுவரில் அரை மில்லிமீட்டர் போனால் யாருக்கும் தெரியாது, 1.2 மில்லிமீட்டர் தகட்டில் அது கிட்டத்தட்ட பாதி. மூன்றாவது, அதிலுள்ள 3 சதவீதத்தை ஒட்டிய கார்பன் கிராஃபைட் செதில்களாக இருப்பதால், இரும்பு கரைந்த பிறகும் அந்தச் செதில்வலை துருவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

அந்த மூன்றாவது காரணமே மண்ணுக்குள் ஆபத்தாகிறது. பழைய குடிநீர்க் குழாய்களில் இரும்பு கரைந்துபோய், கிராஃபைட்டும் துருவும் மட்டும் குழாய் வடிவத்திலேயே நிற்கும். வெளியே பார்த்தால் முழுக் குழாய். சுத்தியால் தட்டினால் ‘டங்’ என்று ஒலிக்காமல் மந்தமாகக் கேட்கும், பேனாக்கத்தியால் பென்சில் சீவுவதுபோல் சீவ முடியும். அப்படிச் சீவ வந்தால் பற்ற வைப்பதோ ஒட்டுப் போடுவதோ வீண், மாற்றத்தான் வேண்டும்.

பழைய வீட்டு ஜன்னல் கம்பி நூறு வருடம் நிற்கிறது, புதுக் கம்பி பத்து வருடத்தில் போகிறது. ஏன்?

பழையது பல இடங்களில் தேனிரும்பு. கார்பன் 0.1 சதவீதத்துக்கும் குறைவு, அடித்து நீட்டும்போது கசடு இழை இழையாக உள்ளே படிந்திருக்கும். துரு உள்நோக்கிப் போகும்போது இந்த இழைகள் குறுக்கே நிற்கின்றன. முறிந்த இடத்தில் மரநார் போலப் பிளந்திருந்தால் அது தேனிரும்பு. இன்னொரு காரணத்தையும் மறக்க வேண்டாம்: அந்தக் கம்பிகள் முக்கால் அங்குலம் திரட்சியுள்ள முழுக்கம்பிகள், இப்போது போடுவது உள்ளே வெற்றான குழாய். பழைய இரும்பின் பெருமையில் பாதி அதன் தடிமனுக்குப் போக வேண்டும்.

டெல்லி இரும்புத்தூணையும் இங்கே கேட்பார்கள். ஏறத்தாழ 1600 ஆண்டுப் பழமை, 7 மீட்டருக்கு மேல் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை. அதன் இரும்பில் பாஸ்பரஸ் 0.25 சதவீதம் அளவில் இருக்கிறது, இன்றைய கட்டுமான எஃகில் 0.05-க்கு மேல் விடமாட்டார்கள். அந்தப் பாஸ்பரஸ் தூணின் மேல் ஒரு பாஸ்பேட் படலத்தைக் கட்டியிருப்பதைக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார். டெல்லியின் வறண்ட காற்றும் துணை நின்றது. அதே தூணைக் கடற்கரையில் நட்டிருந்தால் கதை வேறு. பாஸ்பரஸ் கூடினால் எஃகு குளிரில் நொறுங்கும் என்பதால்தான் இன்று அதைச் சேர்ப்பதில்லை.

எம்.எஸ். கேட்டில் அடிப்பகுதி மட்டும் ஏன் ஓட்டையாகிறது?

துரு வெளியிலிருந்து வரவில்லை, உள்ளிருந்து வருகிறது. சதுரக் குழாயின் வெல்டிங் இடுக்குகள் வழியே மழைநீர் உள்ளே போகிறது, இரவுக் குளிரில் உள்காற்றின் ஈரமும் படிகிறது, எல்லாம் அடிக்குழாயில் தேங்குகிறது. உள்பக்கம் பெயின்ட் கிடையாது. 18 கேஜ் குழாய் 1.2 மில்லிமீட்டர்தான். சி5 காற்றில் ஒரு பக்கத்துக்கு 80 மைக்ரான், இரண்டு பக்கமும் சேர்த்து 160 என்று வைத்தாலும் ஏழெட்டு ஆண்டில் தகடு முழுக்கப் போகும். நடப்பில் குழிகுழியாக அரிப்பதால் ஓட்டை அதற்கு முன்பே விழும்.

கேட் செய்யும்போதே பட்டறையில் நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். அடிக்குழாயின் கீழ்முகத்தில் இரு முனைகளிலும் 6 மில்லிமீட்டர் துளை. மேலே திறந்த குழாய் முனைகளுக்கு மூடி வைத்து முழு வெல்டிங். அடிக்குழாய்க்கு மட்டும் 16 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர். தரையிலிருந்து 50 மில்லிமீட்டர் இடைவெளி. தூண் காங்கிரீட்டுக்குள் இறங்கும் இடத்தில் தரைமட்டத்தை ஒட்டி நீர் நிற்கும், அங்கே காங்கிரீட்டை வெளிச்சரிவாகப் பூசச் சொல்லுங்கள்.

ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்தால் போதாதா?

உள்நாட்டில், மேலே நல்ல எனாமல் அடித்து, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் சமாளிக்கும். கடலோரத்தில் போதாது. சாதாரண ரெட் ஆக்சைடில் இருக்கும் செந்நிறத்தூள் ஒரு நிறமி, அவ்வளவுதான், அரிப்பைத் தடுக்கும் வேதிவேலை எதையும் அது செய்வதில்லை. பட்டறையில் ஒரு கோட் அடித்து, வெயிலிலும் மழையிலும் இரண்டு மாதம் சாத்தி வைத்த கேட்டில் துரு அந்தப் பூச்சுக்குக் கீழே ஏற்கெனவே தொடங்கியிருக்கும்.

கடலோரத்தில் செய்ய வேண்டிய முறை இது, வரிசை முக்கியம். முதலில் நல்ல தண்ணீரால் கழுவி உப்பை இறக்குங்கள். இதை விட்டுவிட்டுக் கம்பி பிரஷ் போட்டால் உப்பைக் குழிகளுக்குள் தேய்த்து ஏற்றியதாகும். பெயின்ட் ஆறு மாதத்தில் கொப்புளிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பிறகு தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை நீக்குதல். அடுத்து கம்பி பிரஷ் அல்லது கிரைண்டர் கப் பிரஷ், கடைசியில் 80 எண் உப்புத்தாள். புது எஃகின் மேலுள்ள நீலக்கருப்புச் செதிலையும் எடுத்தாக வேண்டும். அது வெடித்த இடத்தில் நீர் புகுந்தால் செதில் ஒரு மின்முனையாகவும் வெறும் எஃகு மறுமுனையாகவும் ஆகி அந்த விரிசலில் குழி விழும்.

தூசி துடைத்து அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள், இரவு தாண்டக் கூடாது. ஜிங்க் பாஸ்பேட் எப்பாக்ஸி பிரைமர் நல்லது. முதலில் சிறு பிரஷால் வெல்டிங் தையல்களிலும் விளிம்புகளிலும் மட்டும் ஒரு கோடு இழுங்கள், ஏனென்றால் கூரான விளிம்பில் பெயின்ட் தானே ஒதுங்கி மெலியும். பிறகு முழுக்க இரண்டு கோட். எப்பாக்ஸி வெயிலில் வெளுத்து மாவாகும் என்பதால் மேலே பாலியூரிதேன் இரண்டு கோட் தேவை. காலைப்பனி உலர்ந்தபின் தொடங்கி, மாலை ஈரம் ஏறுமுன் முடியுங்கள். ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் அடிக்கவே வேண்டாம்.

ஜி.ஐ. தகடு, ஜி.ஐ. குழாய் எல்லாம் ஒரே தரமா?

இல்லை. இந்த இடத்தில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரே காற்றில் துத்தநாகத்தின் ஆயுள் அதன் தடிமனைப் பொறுத்தது. கூரைத்தகட்டில் எழுதியிருக்கும் 120 என்பது ஒரு சதுர மீட்டரில் இரண்டு பக்கமும் சேர்த்து 120 கிராம். 7.14 கிராம் என்றால் 1 மைக்ரான், ஆகவே ஒரு பக்கத்துக்கு 8 மைக்ரான்தான். 275 என்றால் 19 மைக்ரான். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கோணக்கம்பிக்கு ஐ.எஸ். 4759 என்ற இந்தியத் தரநிலை கேட்பது ஒரு பக்கத்துக்கே 610 கிராம், அதாவது 85 மைக்ரான்.

சி5 காற்றில் துத்தநாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் தேயும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 தகடு ஒன்றிரண்டு ஆண்டு, 275 தகடு இரண்டிலிருந்து நான்கரை, முக்கியெடுத்த கோணக்கம்பி 10 முதல் 20. சி3 காற்றில் இதே 120 தகடு நான்கு முதல் பதினொரு ஆண்டு நிற்கும். பெயர் எல்லாவற்றுக்கும் ‘ஜி.ஐ.’தான்.

வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் துத்தநாகம் ஆவியாகிவிடும். அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், மூடிய அறையில் செய்யக் கூடாது. வெல்டிங் முடிந்ததும் தையலைத் தேய்த்துத் துத்தநாகத்தூள் நிறைந்த பெயின்ட் பூச வேண்டும். வெறும் வெள்ளிநிற அலுமினிய பெயின்ட் அந்த வேலையைச் செய்யாது. குழாயில் மரை வெட்டிய இடம் எப்போதும் முதலில் ஒழுகும், அங்கே துத்தநாகம் இல்லை. வெந்நீர்க் குழாய்க்கு ஜி.ஐ. வேண்டாம்: 60 டிகிரிக்கு மேல் சில வகை நீரில் துத்தநாகம் இரும்பைக் காப்பதை நிறுத்தி, இரும்பே கரையத் தொடங்குகிறது. புதுத்தகட்டில் வரும் வெள்ளைத்தூள், ஈரத்தோடு அடுக்கி வைத்ததால் வருவது. லேசாக இருந்தால் நைலான் பிரஷால் தேய்த்துக் காயவைத்தால் போதும்.

202, 304, 316: கைப்பிடிக்கு எது?

இவை எவர்சில்வரின் தர எண்கள். 304-இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். 316-இல் குரோமியம் 16 முதல் 18, நிக்கல் 10-க்கு மேல், கூடவே மாலிப்டினம் 2 முதல் 3. உப்பினால் வரும் குழியரிப்பைத் தடுப்பதில் ஒரு சதவீத மாலிப்டினம் 3.3 சதவீத குரோமியத்துக்குச் சமம், 316-இன் விலை அதற்குத்தான். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள்: நிக்கல் 4 முதல் 6, மாங்கனீஸ் 7.5 முதல் 10. நிக்கல் 1 சதவீதத்தை ஒட்டிய மலிவுக் கலவைகளும் ‘200 வரிசை’ என்ற பெயரிலேயே விற்பனையாகின்றன, அவற்றில் குரோமியமும் குறைவு.

வீட்டுக்குள்ளே, உள்நாட்டில் 202 போதும். உள்நாட்டில் வெளிப்புறத்துக்கும், கடலோர ஊரில் வீட்டுக்குள்ளும் 304. கடலைப் பார்த்த மாடிக் கைப்பிடிக்கு 316. கண்ணாடி போன்ற பளபளப்பு, கோடுகோடான மேட் பளபளப்பைவிட நன்றாக நிற்கும். கோடுகளில் உப்புத் தங்கும், மழையில் கழுவப்படாது. மேட்தான் வேண்டுமென்றால் கோடுகள் செங்குத்தாக ஓடட்டும், நீரோடு உப்பும் இறங்கும்.

காந்தம் ஒட்டவில்லை என்றால் 304 தானே?

அல்ல. 202-உம் காந்தத்தில் ஒட்டாது. வளைத்த, இழுத்த இடங்களில் அசல் 304 கூட லேசாக ஒட்டும். 430 என்ற நிக்கலில்லாத வகை நன்றாகவே ஒட்டும், ஆனால் அதில் குரோமியம் 16 சதவீதத்துக்கு மேல், அதைப் போலி என்று சொல்ல முடியாது. 202-ஐயும் 304-ஐயும் பிரிக்க, 9 வோல்ட் பேட்டரியோடு விற்கும் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். மாங்கனீஸ் அதிகமானால் சொட்டு சிவக்கும். பெரிய ஆர்டர் என்றால் ஆலைச் சான்றிதழ் கேளுங்கள், எக்ஸ்-கதிர்த் துப்பாக்கியால் ஐந்து நிமிடத்தில் கலவையைச் சொல்லும் சோதனைக்கூடங்களும் உண்டு.

புதிதாகப் போட்ட 304 கைப்பிடியில் ஒரே மாதத்தில் பழுப்புப் புள்ளிகள். ஏமாற்றிவிட்டார்களா?

முதலில் வேறு இரண்டு காரணங்களைப் பாருங்கள். பக்கத்தில் எம்.எஸ். கிரில்லை கிரைண்டர் போட்டிருந்தால் பறந்த இரும்புப்பொறிகள் எவர்சில்வரில் ஒட்டித் துருப்பிடித்திருக்கும், அல்லது எம்.எஸ்.க்குப் பயன்படுத்திய அதே டிஸ்க்கை இதற்கும் போட்டிருப்பார்கள். இரண்டாவது, டைல்ஸ் பதித்தபின் தரையை ஆசிட் ஊற்றிக் கழுவியிருப்பார்கள். அந்த ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி ஒன்றே 304-இன் தோலைக் கெடுக்கப் போதும். எவர்சில்வர் வேலையை எப்போதும் ஆசிட் கழுவலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளி மேலோட்டமாக இருந்தால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 100 கிராம் சிட்ரிக் அமிலத்தூள் கரைத்து, துணியை நனைத்து அரைமணி நேரம் சுற்றி வையுங்கள். பிறகு நிறைய நீர் விட்டுக் கழுவித் துடையுங்கள். விரல்நகம் தட்டும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் பாலிஷ் போட வேண்டும். வெல்டிங் அருகில் நீலமும் பழுப்புமாக நிறம் மாறிய வளையத்தில் குரோமியம் குறைந்திருக்கும், பிக்ளிங் பேஸ்ட் (அமிலப் பசை) போட்டு அந்த வளையத்தை எடுத்தால்தான் அங்கே துருப்பிடிப்பது நிற்கும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை எவர்சில்வர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

சைட்டில் கிடந்த டி.எம்.டி. கம்பி துருப்பிடித்துவிட்டது. போடலாமா?

லேசான செம்பழுப்பு நிறம் கெடுதலல்ல, காங்கிரீட்டோடு பிடிப்பு குறையாது. தட்டினால் உதிரும் செதிலைக் கம்பி பிரஷால் எடுத்தாக வேண்டும். சந்தேகமிருந்தால் எடை போடுங்கள். 12 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர் 0.888 கிலோ இருக்க வேண்டும். தேய்த்த துண்டு 0.835-க்குக் கீழே போனால் அந்தக் கட்டை ஒதுக்குங்கள். கடலுப்பு படிந்த கம்பியை நல்ல தண்ணீரால் கழுவாமல் கட்டக் கூடாது.

காங்கிரீட்டின் காரத்தன்மை, பி.எச். 12-க்கு மேல், கம்பிக்குத் தோல் மாதிரி. அந்தத் தோலை உடைப்பது குளோரைடு. கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. கரையோர போர் தண்ணீர் எத்தனையோ இடங்களில் இதைத் தாண்டும், சோதிக்காமல் ஊற்றாதீர்கள். கவர் பிளாக் (கம்பிக்கும் காங்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் இடைவெளி காக்கும் கட்டை) விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள்: அதே விதிப்படி கடலோரக் காற்றுப் படும் காங்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர், கடல்நீர்த் தூறல் படுவதற்கு 50. கருங்கல் ஜல்லியைக் கவர் பிளாக்காக வைப்பது ஈரத்துக்கு வழி திறந்து விடுவதுதான். துரு, அழிந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். ஸ்லாப் அடியில் பூச்சு பெயர்ந்து விழுவது அந்த நெருக்குதலால். பாம்பனில் 2025-இல் திறந்த புதிய ரயில் பாலத்துக்கு எவர்சில்வர் கம்பிகளையும் பாலிசிலாக்சேன் பூச்சையும் தேர்ந்தெடுத்தது இந்தக் காற்றுக்காகவே.

துருவே பாதுகாப்பு என்கிற கார்ட்டன் எஃகை வீட்டு முகப்புக்குப் போடலாமா?

செம்பு, குரோமியம், பாஸ்பரஸ் சிறிதளவு சேர்த்த எஃகு இது, அமெரிக்காவில் 1933-இல் சந்தைக்கு வந்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டிகளின் உடலிலும் இதையே பயன்படுத்தினார்கள். நனைந்து நனைந்து காய்ந்தால்தான் அதன் துரு இறுகும். உப்புக் காற்றில் இறுகாது, சாதாரண எம்.எஸ். போலவே உதிரும். உள்நாட்டில் போடலாம், முதல் ஓரிரு ஆண்டு வழியும் செந்நீர் தரையைக் கறையாக்கும் என்பதற்குத் தயாராக இருந்தால்.

தோசைக்கல்லும் அரிவாளும்?

தோசைக்கல்லின் கருப்பு, சூட்டில் இறுகிய எண்ணெய்ப் படலம். புளி விட்ட குழம்பை அதில் கொதிக்க வைத்தால் படலம் கரையும். துருப்பிடித்தால் தேய்த்து, அடுப்பில் வைத்து முழுக்க உலர்த்தி, நல்லெண்ணெயை மிக மெல்லிசாகத் தடவி, புகை எழுந்து அடங்கும் வரை சூடாக்குங்கள். இதை நான்கைந்து முறை செய்யலாம். எண்ணெய் கூடினால் பிசுபிசுப்புத் தங்கிவிடும். அரிவாள், கத்திக்கு வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் போதும்.

இரண்டு உலோகத்தைச் சேர்த்துப் போல்ட் போட்டால்?

பரப்பளவைப் பாருங்கள். பெரிய எம்.எஸ். தகட்டில் சிறிய எவர்சில்வர் போல்ட் பெரும்பாலும் தொல்லையில்லை. பெரிய எவர்சில்வர் தகட்டில் சிறிய எம்.எஸ். போல்ட் போட்டால் அந்தப் போல்ட் மட்டும் அரித்துத் தலை கழன்று விழும். இடையில் நைலான் வாஷர் வையுங்கள்.

எங்கள் வீட்டுக் காற்று எந்த வகை என்று நாங்களே பார்க்க முடியுமா?

முடியும், ஓராண்டு பொறுமை வேண்டும். 10 செ.மீ.க்கு 5 செ.மீ. எம்.எஸ். தகட்டை 80 எண் உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, தின்னரால் துடைத்து, நகைக்கடைத் தராசில் 0.01 கிராம் துல்லியமாக எடை போட்டு எழுதி வையுங்கள். நைலான் கயிற்றில் மொட்டைமாடியில் கடலைப் பார்க்கத் தொங்கவிடுங்கள், எதன்மீதும் படக் கூடாது. இரண்டு மூன்று தகடு தொங்கவிட்டால் நல்லது.

ஓராண்டு கழித்து, லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து நைலான் பிரஷால் துரு முழுவதும் போகத் தேய்த்து, கழுவி, உடனே உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். அமிலம் நல்ல இரும்பையும் கொஞ்சம் தின்னும் என்பதால், தொங்கவிடாத ஒரு தகட்டையும் அதே நேரம் ஊறவைத்து அதன் இழப்பைக் கழித்துவிடுங்கள்.

இரு பக்கமும் சேர்த்துப் பரப்பு 100 சதுர செ.மீ., எஃகின் அடர்த்தி 7.86. குறைந்த எடையை 786-ஆல் வகுத்து 10,000-ஆல் பெருக்கினால் மைக்ரான் வரும். 3 கிராம் குறைந்தால் 38 மைக்ரான்: சி3, நல்ல பெயின்டும் 275 தகடும் போதும். 8 கிராம் குறைந்தால் 100-ஐத் தாண்டும்: சி5, கேட்டை முக்கியெடுத்த ஜி.ஐ.யிலும், மாடிக் கைப்பிடியை 316-இலும் செய்யச் சொல்லுங்கள்.